ஸ்டாக் பாலியும் ஒரு தலையாட்டலும்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் மலையேறுபவர். போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சனி ஞாயிறில் எங்கே போனாய் என்று கேட்டார். "ஸ்டாக் பாலி ஏறினேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேற்கு முனை வரைக்குமா?" என்றார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். அவர் என் தோளைத் தட்டிவிட்டு காபி எடுக்கப் போனார். நான் கணினியைத் திறந்து வேலையைப் பார்த்தேன். அன்று மதியம் சாப்பிடும்போது அந்தத் தலையாட்டல் நினைவுக்கு வந்தது. அடுத்த நாளும் வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடமாக அது என்னை விடவில்லை.

நான் மேற்கு முனைக்குப் போகவில்லை. அதற்குச் சில அடிகள் முன்னால், ஒரு பாறையின் அடியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சின்ன மலைதானே

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், அல்லபூல் என்ற துறைமுக ஊருக்கு வடக்கே இருக்கிறது ஸ்டாக் பாலி. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து இந்தப் பெயரை நம்மால் வாசிக்கவே முடியாது. ஊரில் சொல்வதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். உயரம் 612 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1345 மீட்டர், அதன் பாதி கூட இது வராது. பென் நெவிஸில் அதற்கு முந்தைய வருடம் பொதுப் பாதை வழியாக ஏறியிருந்தேன். மணிக்கணக்கான நடைதான், ஆனால் கையை எங்கேயும் ஊன்ற வேண்டியிருக்கவில்லை. அதனால் 612 என்ற எண்ணைப் பார்த்ததும் மனதில் ஒரு அலட்சியம் வந்தது. சின்ன மலைதானே, அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

கிளாஸ்கோவில் இருபது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என்னோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் தம்பி என்பார். இன்வர்னெஸ்ஸிலிருந்து காலையில் கிளம்பி, அல்லபூலில் ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, ட்ரம்ரூனி சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினோம். அதற்கப்புறம் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும், வழி கிடைத்தவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். லர்கன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்தபோது அலட்சியம் போய்விட்டது. பசும்புல் சரிவு மேலே போய்ப் போய், திடீரென்று பல்வரிசை மாதிரி சிவந்த பாறைகள். உடைந்த கோட்டைச் சுவர் ஒன்றைத் தூக்கி ஒரு குன்றின் மேல் வைத்த மாதிரி இருந்தது.

அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அது டாரிடோனியன் மணற்கல். சுமார் 100 கோடி வருடங்களுக்கு முன்னால் ஆறுகள் அடித்துவந்து கொட்டிய மணல். அப்போது நிலத்தில் ஒரு புல் கிடையாது, மண்ணைப் பிடித்துவைக்க ஒரு வேர் கிடையாது. வெறும் பாறைமேல் பெய்த மழை அரித்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பரப்பியிருக்கிறது. அந்த மணலுக்கு அடியில் இருப்பது லூவிஸியன் நைஸ் என்ற பாறை, அதில் சில பகுதிகளின் வயது 300 கோடி வருடம். கடைசிப் பனியுகத்தில் சுற்றுப்புறம் முழுக்கப் பனிக்கட்டி மூடியபோது இந்த மலையின் முதுகு மட்டும் அதற்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. கீழ்ப்பக்கங்களைப் பனியாறு வழித்துக்கொண்டு போனது. மேலே வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து உறைந்து பாறையைப் பிளந்தது. இந்தக் கோபுரங்களும் பற்களும் அப்படி வந்தவை.

முன்பெல்லாம் தெற்கு முகத்தில் நேராக ஏறுவார்களாம். எல்லாரும் ஒரே தடத்தில் மிதித்து அந்தச் சரிவே சிதைந்து சரளையாக ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது கல் பாவிய பாதை கிழக்குப் பக்கமாகச் சுற்றி, மலையின் முதுகுப்புறம் போய், வடக்கிலிருந்து ஏறுகிறது. யாரோ ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, தட்டையான முகம் மேலே வரும்படி பதித்திருக்கிறார்கள். வேலிக் கதவைத் தாண்டி அந்தப் படிகளில் நடந்தபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைகளை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கோ ஒரு குக்கூப் பறவை விடாமல் கூவிக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கம் திரும்பியதும் அண்ணன் நின்றுவிட்டார். கீழே தீவுகள் சிதறிய சியோனஸ்கெய்க் ஏரி, அதற்கப்பால் ஒரு வீடு இல்லை, ஒரு மின்கம்பம் இல்லை, நீரும் பாறையும் கரிய சதுப்பும் மட்டும். அந்த வெளியின் கோடியில் சூல்வென் மலை தனியாக நின்றது. "எங்கட ஊரில இப்பிடி ஒரு வெறும் இடம் கண்டதில்லை" என்றார் அண்ணன். ரொம்ப நேரம் நாங்கள் பேசவில்லை.

அந்தப் பாறை

முதுகின் நடுவே ஒரு கணவாய். அங்கே ஏறியதும் தெற்குக் காற்று முகத்தில் அறைந்தது. பெரும்பாலானவர்கள் அங்கிருந்து கிழக்கு முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் மலையின் உண்மையான உச்சி மேற்கு முனையில் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் உச்சியைத் தொடப் பாறையேற்றம் தேவைப்படும் மலைகள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. உச்சிக்கு முன்னால் முதுகை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பாறையை மலைக்காரர்கள் பேட் ஸ்டெப் என்கிறார்கள். கெட்ட படி.

அதுவரைக்குமான வழி சுகமாகத்தான் இருந்தது. கையையும் காலையும் ஊன்றி, கோபுரங்களுக்கு இடையில் நுழைந்து, சில இடங்களில் வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போனோம். அந்த மணற்கல் சொரசொரவென்று இருக்கும், உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். நம்பி எடை போடலாம். வெயில் பட்ட பக்கம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அப்புறம் ஒரு திருப்பத்தில் பாதை ஒடுங்கி, முன்னால் அந்தப் பாறை வந்தது.

என் கண்ணுக்கு இரண்டாள் உயரம். தரையில் இருந்திருந்தால் சிறுபிள்ளைகள் ஏறி விளையாடும். பிடிகள் இருந்தன, ஆயிரக்கணக்கான கைகள் பட்டு வழவழத்திருந்தன. கஷ்டம் பாறையில் இல்லை, அது நின்ற இடத்தில்தான். நாங்கள் நின்றது ஒரு சின்னத் திண்ணை. இடப்பக்கமும் வலப்பக்கமும் மலை இல்லை. நான் இடது கையை ஒரு விளிம்பில் வைத்தேன், வலது காலை முழங்கால் உயரத்துப் படியில் வைத்தேன், உடம்பைத் தூக்கினேன். அடுத்த கால் எங்கே என்று பார்க்கக் குனிந்தேன். என் ஷூவுக்குக் கீழே, நேர் கீழே, லர்கன் ஏரி மின்னிக்கொண்டிருந்தது. இடையில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. எத்தனை நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. வலது தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. மெதுவாக இறங்கித் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து இருவர் வந்தார்கள், நாற்பது வயதுக்காரர்கள். வழி கேட்டார்கள், ஒதுங்கினோம். முதலாமவர் பேச்சை நிறுத்தாமலே ஏறிவிட்டார். அரை நிமிடம் இருக்கும். இரண்டாமவரும் போனார். மேலிருந்து அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குள் ஏதோ எரிந்தது. அவர்களால் முடிகிறது, பிடிகள் எங்கே என்றும் பார்த்துவிட்டேன், இன்னொரு முறை முயலலாம் என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பாறையில் சாய்ந்து உட்கார்ந்து பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தார். "அவையள் இறங்கிறதையும் பாப்பம்" என்றார்.

பார்த்தோம். முதலாமவர் பாறையின் பக்கம் முகத்தைத் திருப்பி, வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு இறங்கினார். ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. ஷூ நுனி பாறையைத் தடவியது, கண் தெரியாதவர் கைத்தடியால் தடவுவது போல. கீழே இறங்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியவே இல்லை. மேலிருந்த நண்பருக்கும் தெரியவில்லை. எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நான்தான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கீழே, அங்கேதான். கால் பதிந்தபோது அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. திண்ணைக்கு வந்ததும் சிரித்தார். ஏறும்போது சிரித்த சிரிப்பு வேறு.

அவர்கள் போன பிறகு அண்ணன் சொன்னார்: "தம்பி, ஏறேக்க கண்ணுக்கு முன்னால எல்லாம் தெரியும். இறங்கேக்க காலுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. கயிறும் இல்லை. வீட்டில பிள்ளையள் ரெண்டு. நாங்கள் திரும்புவம்." நான் சரி என்றேன். உடனே சொல்லிவிடவில்லை. அந்தப் பாறையை இன்னொரு தடவை கையால் தொட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

அங்கே ஏதாவது ஆகியிருந்தால் எங்களைத் தேடி வருபவர்கள் மலை மீட்புக் குழுவினர். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆசிரியர், தச்சர், கடைக்காரர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். திரும்பியது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் இந்தக் காரணமெல்லாம் காரில் வரும்போது கோத்தது. திண்ணையில் நின்றபோது இருந்தது பயம் மட்டும்தான். அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மழைக்குத் திரும்பிய பாதிரியார்

அன்று இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் நேராக வீட்டுக்குப் போகாமல், சந்திப்பிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் நாக்கன் க்ராக் பாறைச்சுவரைப் பார்க்கப் போனோம். அங்கே வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கருநிறப் பாறை படிந்திருக்கிறது. இரண்டும் சேரும் கோட்டில் கையை வைக்கலாம். மேலே இருப்பது கீழே இருப்பதைவிட ஏறத்தாழ 50 கோடி வருடம் மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கீழே இருப்பதுதான் பழையது, மேலே இருப்பது புதியது, எல்லாம் வரிசையாகத்தான் படிந்திருக்கிறது என்று நிலவியல் அளவைத் துறையின் தலைவர் முர்ச்சிசன் அடித்துச் சொன்னார். அவருடைய சீடர் ஆர்ச்சிபால்ட் கெய்க்கியும் அதையே தாங்கிப் பிடித்தார். கெய்க்கி பின்னாளில் அதே துறைக்குத் தலைவரானபோது பென் பீச், ஜான் ஹார்ன் இருவரையும் வடமேற்குக்கு அனுப்பினார். அவர்கள் நடந்து நடந்து வரைபடம் போட்டபோது கதை தலைகீழானது. பழைய பாறை கிடைமட்டமாக நகர்ந்து வந்து புதியதன் மேல் ஏறியிருந்தது. 1884இல் கெய்க்கி தானே போய் நேரில் பார்த்தார். பார்த்துவிட்டு, தானும் தன் குருவும் பல வருடமாகச் சொன்னது தவறு என்று நேச்சர் இதழில் எழுதினார். அன்று அந்தக் கோட்டில் கை வைத்தபோது இதை ஒரு நல்ல கதை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு இரவு அம்மாவிடம் பேசினேன். அம்மா ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர். மலை என்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வி: "உச்சியில என்னப்பா சாமி?" "சாமி எல்லாம் இல்லம்மா, வெறும் பாறை." "அதுவரைக்கும் போனியா?" "போகலம்மா, பயமா இருந்துச்சு, திரும்பிட்டோம்." "நல்ல வேலை செஞ்சப்பா" என்றார், பேச்சு வேறு பக்கம் போனது. அவரிடம் அது எவ்வளவு லேசாக வந்தது! பன்னிரண்டு மணி நேரம் கழித்து, மேசைக்காரரிடம் ஏன் வரவில்லை?

இதைத்தான் ரொம்ப நாள் சுற்றிச் சுற்றி யோசித்தேன். நான் இங்கே வந்து ஆறு வருடமாகிறது. இந்த ஊரில் ஒருவரோடு பழக மழை ஒரு வாசல், மலை இன்னொரு வாசல். எத்தனை மன்ரோ ஆயிற்று என்று சாதாரணமாகக் கேட்பார்கள். 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு மன்ரோ என்று பெயர், மொத்தம் 282. ஸ்டாக் பாலி என்று நான் சொன்னபோது மேசைக்காரர் முகத்தில் வந்த அந்த மலர்ச்சி, இவனும் நம்மாள் என்கிற மலர்ச்சி. ஆறு வருடமாக நான் அதற்காகத்தான் ஏங்கியிருக்கிறேன். அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தலை அதற்காகத்தான் சாய்ந்தது.

இந்த மன்ரோ கணக்கின் வரலாற்றை அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1891இல் பட்டியலைப் போட்ட சர் ஹ்யூ மன்ரோ தன் பட்டியலைத் தானே முடிக்கவில்லை. ஸ்கை தீவில் இன்அக்சஸிபிள் பினக்கிள் என்று ஒரு கத்திமுனைப் பாறை இருக்கிறது. அதன் உச்சி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1919இல் இறந்துபோனார். முழுப் பட்டியலையும் முதலில் முடித்தவர் என்று பெயர் பெற்றவர் ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901இல். கடைசி மலையின் உச்சியில் முதலில் கற்குவியலை முத்தமிட்டார், அப்புறம் மனைவியை முத்தமிட்டார் என்று சொல்வார்கள். ஆனால் பிற்காலத்தில் அவருடைய குறிப்புகளைத் துருவியவர்கள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள். பென் விவிஸ் மலையில் மழைக்குப் பாதியில் திரும்பியவர், மறுபடி போய் உச்சியைத் தொட்டதற்குச் சான்று இல்லை என்கிறார்கள். அப்படியானால் முதலாமவர் 1923இல் முடித்த ரொனால்ட் பர்ன். இதில் என்னை உலுக்கியது, சந்தேகத்துக்கு ஆதாரமே ராபர்ட்சனின் சொந்த எழுத்து என்பதுதான். மழை, திரும்பினேன் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இன்வர்னெஸ்ஸிலிருந்து அல்லபூல் போகும் சாலையில் பென் விவிஸ் வலப்பக்கம் பெரிய முதுகாகக் கிடக்கும். இப்போதெல்லாம் அதைத் தாண்டும்போது எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வருகிறது.

கேள்வி திரும்பி வந்தது

இந்த ஏப்ரலில் ஒரு நாள் மேசைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தார். மகளுக்குப் பதினான்கு வயது, கால் நன்றாக நடக்கிறது, மே மாதம் ஸ்டாக் பாலிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன் என்றார். அவரும் அந்த மலைக்குப் போனதில்லையாம். "நீ தாண்டியிருக்கிறாயே, அந்தப் பேட் ஸ்டெப் எப்படி? கயிறில்லாமல் அவளால் முடியுமா?"

எனக்கு உடம்பு சில்லிட்டது. அந்தத் திண்ணை, நேர் கீழே ஏரி, அந்தரத்தில் தடவிய ஷூ நுனி எல்லாம் ஒன்றாக வந்தன. அங்கே ஒரு சின்னப் பெண். அவளை அங்கே நிறுத்தப்போவது என் தலையாட்டல். இத்தனை மாதமும் அது என் மனசாட்சி விஷயம், எனக்கும் எனக்குமான கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நான் சொன்னதை வைத்து இன்னொருவர் நடப்பார் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. கெய்க்கி ஞாபகம் வந்தது அப்போதுதான்.

"நான் அதைத் தாண்டவில்லை" என்றேன். "போன வருடம் நீங்கள் கேட்டபோது தலையாட்டினேன். அது பொய். அதன் அடி வரைக்கும்தான் போனேன். பயந்து திரும்பிவிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமா, ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "சரி, அடி வரைக்கும் தெரியுமல்லவா, அதைச் சொல்" என்றார். நான் வரைந்தேன். வேலிக் கதவு, வடக்குச் சுற்று, கணவாய், காற்று எங்கே பிடிக்கும், எந்தக் கோபுரத்தை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும். பாறைக்கு முன்னால் ஒரு கோடு போட்டு நிறுத்தினேன். இறங்கியவர் கால் தடவியதைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் பென்சிலை வாங்கி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம் போட்டார். "நாங்களும் இங்கேயே நின்றுவிட்டால், உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்குமா?"

"இருக்கிறது" என்றேன். "ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மேற்குக் காற்று என்றால் அந்தப் பாறையே மறைப்பு."